ஒன்பதாம் நம்பர் முன்னாலே போயாச்சு

செத்தவன் பேரில் பந்தயத்துக்குப் போகலாமா என்று குற்றாலலிங்கத்திடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கரமனையில் அவர்கள் தெருவில் எல்லாருக்கும் எல்லாவற்றைப் பற்றியும் ஒரு அபிப்பிராயம் உண்டு. யார் வீட்டு அவியலில் முருங்கைக்காய் குறைந்தது என்பது வரைக்கும் பேசுவார்கள். இந்த விஷயத்தில் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சிவகாமியம்மாளிடம் போய்ச் சொல்ல பயம், அவ்வளவுதான்.

சங்கதி இது. குற்றாலலிங்கம் தந்தி ஆபீஸ் சேவகன். முப்பத்து நான்கு வயது. நாஞ்சில் நாட்டிலிருந்து அப்பா காலத்தில் திருவனந்தபுரம் வந்து தங்கிவிட்ட குடும்பம். அப்பா இல்லை. அம்மா சிவகாமியம்மாள், தம்பி பூதலிங்கம், இவன், மூன்றே பேர். எண்பத்து மூன்றாம் வருஷக் கடைசியில் சாலைக்கடைப் பக்கத்து விளையாட்டுச் சங்கம் ஒன்று, வெளிநாட்டில் எங்கோ ஒரே நாளில் நீந்தி, சைக்கிள் மிதித்து, ஓடவும் செய்கிறார்களாம் என்று பேப்பரில் படித்துவிட்டு, நாமும் நடத்துவோம் என்று கிளம்பியது. விழிஞ்ஞத்தில் கடலில் இறங்கிக் கோவளம் வரை நீந்த வேண்டும். அங்கிருந்து ஊருக்குள் வந்து, நெடுமங்காடு வழியாகக் கல்லாறு வரை சைக்கிள். கல்லாற்றில் சைக்கிளைப் போட்டுவிட்டுப் பொன்முடி உச்சிக்கு ஓட்டம், இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவு. கேட்டாலே மூச்சு வாங்கும். பூதலிங்கம் துள்ளிக் குதித்துக்கொண்டு பேர் கொடுத்தான். மார்பில் கட்டுகிற துணியில் ஒன்பதாம் நம்பர் எழுதிக் கொடுத்தார்கள்.

பந்தயத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது விடிகாலையில் விழிஞ்ஞத்துக்குப் பழகப் போனான். அவன் நீந்த, அண்ணன் வள்ளத்தில் கூடவே வருவது என்று பேச்சு. அண்ணன் போய்ச் சேர்ந்தபோது மணி ஏழு. கரையில் தம்பியின் சட்டையும் செருப்பும் கிடந்தன. ஆளைக் காணோம். பொறுமையில்லாத பயல், தனியாக இறங்கியிருக்கிறான். மூன்று நாள் வலை போட்டுத் தேடினார்கள். உடம்பு கிடைக்கவில்லை. சங்கத்தார் பந்தயத்தை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைத்தார்கள்.

"ஏம்ல பிந்தினே?" என்று சிவகாமியம்மாள் மூத்தவனிடம் ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"அர்ஜென்ட் தந்தி ஒண்ணு வந்துட்டும்மா."

பச்சைப் பொய். தூங்கிவிட்டான். முந்தின நாள் இரண்டு டூட்டி சேர்த்துப் பார்த்த அசதி. முழித்தபோது வெயில் வந்திருந்தது. அதற்குப் பிறகு பதினோரு மாதம், ஒவ்வொரு வாய்ச் சோற்றிலும் அந்தப் பொய் அவன் தொண்டையில் இடறியது. அம்மா மறுபடி கேட்கவில்லை. முகம் பார்த்து நாலு வார்த்தை பேசவும் இல்லை.

கருமம் செய்யவும் விடவில்லை. உடம்பு கிடைக்காவிட்டால் தர்ப்பைப் புல்லில் ஒரு ஆளைச் செய்து கொள்ளி வைக்கலாம், வருஷம் திரும்புவதற்குள் எள்ளும் தண்ணீரும் விட்டாக வேண்டும், இல்லாவிட்டால் போனவன் அங்கேயும் இல்லாமல் இங்கேயும் இல்லாமல் அலைவான் என்று திருவல்லத்துப் புரோகிதர் வந்து படித்துப் படித்துச் சொன்னார்.

"புல்லையா நான் பத்து மாசம் சொமந்தேன்?" என்றாள் அம்மா. புரோகிதர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பந்தயம் மறுபடி ஜனவரியில் என்று தெரிந்த அன்று அவளே வாயைத் திறந்தாள். "அவன் ஆசைப்பட்ட ஓட்டம். அவன் பேருல, அவன் நம்பர்ல நீ முடிச்சுட்டு வா. பொறவு எள்ளுந்தண்ணியும் விட்டுக்கோ. நான் தடுக்கமாட்டேன்." பந்தயத்தன்றைக்கு அவன் போய் வருஷம் திரும்ப மூன்றே வாரம்தான் இருக்கும். ஆகவே முடித்தே ஆக வேண்டும். கரமனை ஆற்றில் நீந்தி, தந்திச் சைக்கிளில் மேடெல்லாம் ஏறி, குற்றாலலிங்கம் அதற்கு முன் ஒரு நாளும் செய்யாத வேலையெல்லாம் செய்து தயாரானான்.

அன்றைக்குக் காலை விழிஞ்ஞம் கரையில் பதினான்கு பேர் நின்றார்கள். அம்மாவைச் சங்கத்து ஜீப் ஏற்றிக்கொண்டு நேரே பொன்முடிக்குப் போய்விட்டது. செயலாளர் பேர் வாசிக்கக் கையில் ஒலிபெருக்கியோடு வந்தார். காவல் வள்ளத்துக்காரர் வேதமாணிக்கம், போன வருஷம் மூன்று நாளும் வலை போட்டுத் தேடியவர், குறுக்கே வந்து நின்றார்.

"கடல் கரையில பேரு விளிக்கப்பிடாது சாரே. நாங்க வள்ளத்துல ஏறினா கரை அடையிறது வரைக்கும் ஒருத்தன் பேரை ஒருத்தன் சொல்லமாட்டோம். தலையை எண்ணும், அது மதி, அது போதும்."

"இதொக்க மூடநம்பிக்கையாக்கும் மூப்பரே" என்று செயலாளர் சிரித்தார். படித்த மனுஷர், கேட்பாரா? "ஒன்பது. பூதலிங்கம்!"

குற்றாலலிங்கத்துக்கு அது தன்னைத்தான் என்று உறைக்கவில்லை. தன் பேர் இல்லையே. "பூதலிங்கம்!" என்று இரண்டாம் தரம். மூன்றாவது தரம் எரிச்சலில் கடலைப் பார்த்துக் கத்தினார். அப்புறம்தான் இவன் கை தூக்கினான். வேதமாணிக்கம் தலையில் அடித்துக்கொண்டார்.

கருமம் முடியாத ஒருவனைத் தண்ணீர் ஓரம் நின்று மூன்று தடவை கூப்பிட்டாயிற்று. செய்தது யார்? ஒலிபெருக்கிக்காரரா, தன் பேரைக் கொடுக்காமல் தம்பி பேரில் நின்ற இவனா? இரண்டு பேருக்கும் பங்கு உண்டு என்றுதான் சொல்வேன்.

கடல் அன்றைக்குத் தாம்பாளத்தில் ஊற்றிய எண்ணெயாகக் கிடந்தது. பாதித் தூரத்தில் வேதமாணிக்கம் வள்ளத்தைப் பக்கத்தில் கொண்டுவந்து குனிந்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"தம்பி, பதினாலு பேருதானே எறங்கினீங்க?"

"ஆமா."

"பதினஞ்சு தலை கெடக்கு. நாலு தரம் எண்ணியாச்சு. உனக்க முன்னாடி போறது ஆரு?"

குற்றாலலிங்கம் தலையைத் தூக்கிப் பார்த்தான். முன்னால் இருபது ஆள் நீளம் தள்ளி ஒரு கறுத்த தலை. கை வீசுவது தெரியவில்லை, தண்ணீர் தெறிக்கவில்லை. தலை மட்டும் போய்க்கொண்டிருந்தது. வெயிலில் கண் கூசிற்று. யாரோ நல்ல நீச்சல்காரன் என்று நினைத்துக்கொண்டு கையை வீசினான். நினைத்துக்கொண்டான் என்பதைவிட அப்படி நினைக்கத் தன்னைக் கெஞ்சிக்கொண்டான் என்று சொல்லலாம்.

கோவளத்தில் கரையேறினான். சங்கத்துக்கு உதவி செய்ய வந்த கல்லூரிப் பெண் சீதாலக்ஷ்மி நோட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

"ஒன்பது" என்றான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஒன்பதாம் நம்பர் முன்னாலே போயாச்சே. பூதலிங்கம். இதோ நேரம் எழுதியிருக்கேன். நீங்க யாரு?"

"நான்தான் ஒன்பது."

"தமாஷா அண்ணா? அவர் இப்பத்தான் சைக்கிள் எடுத்துப் போனார். உடம்பு தொவட்டக்கூட இல்ல. துண்டு நீட்டினேன், வாங்கல்ல."

குற்றாலலிங்கத்துக்கு முதலில் கோபம்தான் வந்தது. எந்தக் களவாணியோ தம்பி நம்பரில் ஏமாற்றுகிறான் என்று தோன்றியது. தந்தி ஆபீஸ் சைக்கிளை எடுத்து ஒரே மிதியாக மிதித்தான். தம்பானூரில் பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் கை தட்டியது. ஒரு ஆட்டோக்காரர் மட்டும், "வேகம் போடணும் சேட்டா, கூட்டுக்காரன் முன்னில் போயி!" என்று கத்தினார். நெடுமங்காட்டில் பழமும் எலுமிச்சைத் தண்ணீரும் வைத்திருந்தவர் கையை விரித்தார்.

"ஒன்பதா? பழம் வேண்டாம்னு சொல்லிட்டு இப்பம்லா போனாரு. பச்சைச் சைக்கிள்."

பச்சைச் சைக்கிள் என்று கேட்டதும் அவன் கோபம் எங்கே போயிற்றோ போயிற்று. தம்பியின் பச்சைச் சைக்கிள் வீட்டுப் பின்கட்டில் கயிற்றில் கட்டித் தொங்குகிறது. டியூப் இரண்டும் காற்றுப் போய் ஆறு மாதம் ஆகிறது. நேற்றுக்கூட அதன் கீழே நின்றுதான் அவன் பல் தேய்த்தான்.

"நனைஞ்சிருந்தாரா?" என்று கேட்டான்.

"ஆமாப்பா, சொட்டச் சொட்ட. இங்க எங்க மழை பெஞ்சுது?"

விதுரை தாண்டினால் ரப்பர்த் தோட்டங்கள், அப்புறம் காடு. மத்தியான வெயிலில் தார் உருகிக்கொண்டிருந்த ரோட்டில் ஒற்றையாக ஒரு ஈரக்கோடு, சைக்கிள் சக்கரத்து அகலத்தில், வளைந்து வளைந்து முன்னால் போனது. அந்த வெயிலுக்கு அது காய்ந்திருக்க வேண்டாமா? காயவில்லை. திரும்பிப் போய்விடலாமா என்று அவன் இரண்டு தடவை பிரேக்கைப் பிடித்தான். திரும்பினால் அம்மா கருமத்துக்கு இணங்கமாட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தான்.

கல்லாற்றில் சாயாக்கடை ஓரம் சைக்கிள்களை வரிசையாகச் சாய்த்திருந்தார்கள். கடைசியில் பச்சைச் சைக்கிள் நின்றது. மணியின் மேல்மூடி இல்லை, தம்பிதான் அதைத் தொலைத்தது. பெடல் இடுக்கில் கடல் மணல் ஈரமாக அப்பியிருந்தது. சீட்டைத் தொட்டான். ஐஸ் கட்டி. விரலை மூக்கில் வைத்தால் உப்பும் பாசியும் நாறின.

சாயாக்கடைக்காரர் தானாகவே பேசினார். "ஆளு ஓடிப் போயாச்சு. ஒரு கிளாஸ் தண்ணி நீட்டினேன். வேண்டாம் அண்ணாச்சி, குடிச்சது மதின்னு சொன்னாரு."

அப்போதுதான் குற்றாலலிங்கத்துக்குப் பயம் வந்தது. பயம் தனக்காக இல்லை. மேலே அம்மா இருக்கிறாள். வருவான் வருவான் என்று பதினோரு மாதம் வாசலைப் பார்த்தவள். அவன் போய் முன்னால் நின்றால், ஏன், எப்படி என்றெல்லாம் கேட்பாளா? "வந்துட்டியா மக்கா" என்பாள். எங்கே கூப்பிட்டாலும் கூடப் போவாள். அந்த உச்சியில் நாலாப் பக்கமும் கிடுகிடு பள்ளம். இவன் முன்னால் போயாக வேண்டும். எப்பாடு பட்டாவது அவனுக்கு முன்னால் போயாக வேண்டும்.

ஓடினான். பிறந்ததிலிருந்து அப்படி ஓடியதில்லை. முதல் பத்து வளைவு வரைக்கும் மற்ற ஓட்டக்காரர்கள் கண்ணில் பட்டார்கள். ஒருவன் ஓரத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டாம் வளைவில் மலைப்பனியாக மஞ்சு இறங்கியது. பொன்முடி மஞ்சு எப்படி வரும் என்று போனவர்களுக்குத் தெரியும், பட்டப்பகலில் வெள்ளை வேட்டியால் முகத்தை மூடினாற்போல இருக்கும். காலடியில் மூன்று முழம் ரோடு மட்டும் தெரிந்தது. அந்த மூன்று முழத்தில் ஈரப் பாத அடையாளம், ஐந்து விரலும் தெளிவாக, ஒன்றன்பின் ஒன்றாக மேலே போனது. வலது காலில் சுண்டுவிரல் மற்றதைத் தொடாமல் விலகி நிற்கும். அது யார் கால் என்று அண்ணனுக்குத் தெரியாதா? ஆறு வயதில் அந்த விரலில் முள் எடுத்துவிட்டவனே இவன்தானே.

பத்தொன்பதாம் வளைவில் எட்டிப் பிடித்துவிட்டான். பிடித்துவிட்டான் என்பதுகூடத் தப்பு. அவன் இவனுக்காகக் காத்து மெதுவாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறான்.

இடது பக்கத்தில் ஒரு மூச்சுச் சத்தம் சேர்ந்துகொண்டது. தண்ணீருக்குள்ளிருந்து விடுகிற மூச்சு, களக் களக் என்று. குற்றாலலிங்கம் திரும்பிப் பார்க்கவில்லை. சத்தியமாகப் பார்க்கவில்லை. ஓரக்கண்ணில் ஒரு தோள் தெரிந்தது, வெளுத்து, ஊறிப்போய்.

"அண்ணே" என்றது குரல். பழைய குரல்தான். கொஞ்சிக் கேட்கிற குரல். "அன்னைக்கு நீ ஏன் பிந்தினே?"

தந்தி என்று சொல்ல வாய் வந்தது. ஊருக்கெல்லாம் சொல்லிப் பழகிய பொய், சொன்னால் என்ன? சொல்ல முடியவில்லை. அந்த மூச்சுக்குப் பக்கத்தில் நின்று பொய் சொல்ல எவனால் முடியும்?

"தூங்கிட்டேம்ல" என்றான். கண்ணிலிருந்து கரகரவென்று தண்ணீர் ஊற்றியது. "தூங்கிப் போயிட்டேன் பூதலிங்கம். என்னை மன்னிச்சிரு மக்கா."

இரண்டு பேர் காலடியும் சேர்ந்தே கேட்டது. தன்னுடையது டப் டப் என்று. மற்றது சளப் சளப் என்று.

"நான் உன்னை விளிச்சேன்ணே. வாயில தண்ணி ஏறுறது வரைக்கும் விளிச்சேன்." ஒரு கை வந்து இவன் இடது தோளில் விழுந்தது. நெல்மூட்டை இறங்கினாற்போல் இருந்தது அந்தக் கனம். "அப்போ இன்னைக்குக் கூட வா. ஒத்தைக்கு நீந்தி எனக்கு அலுத்து மடுத்துப் போச்சு."

கை இடது பக்கம் இழுத்தது. இடது பக்கம் பள்ளம். ரோட்டோரத்துக் குட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் மஞ்சு கொப்பளித்தது. குற்றாலலிங்கம் வலது பக்கமாகச் சாய்ந்து, குனிந்து, கையால்கூட ரோட்டைப் பற்றிக்கொண்டு ஏறினான். இருபது. இருபத்தொன்று. இருபத்திரண்டாம் வளைவு திரும்பியதும் மஞ்சு கொஞ்சம் விலகியது. மேலே இரண்டு கம்பங்களுக்கு நடுவில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். ரிப்பனுக்கு இன்னும் இருபது அடி. அதற்கு மேல் ஒரு அடி எடுத்து வைக்க முடியவில்லை. கால் முன்னால் போக, உடம்பு பக்கவாட்டில் சுவரைப் பார்த்து நகர்ந்தது.

"ஒன்பதாம் நம்பரு! வெளையாடாதே, நேரே வா!" என்று செயலாளர் கத்தினார். நின்றவர்கள் அவனுக்குத் தலை சுற்றுகிறது என்று நினைத்துச் சிரித்தார்கள். ஒற்றை ஆள் தள்ளாடுவதுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

நாற்காலியிலிருந்து எழுந்த சிவகாமியம்மாள் சிரிக்கவில்லை. அவள் கண் குற்றாலலிங்கத்தின் முகத்தில் இல்லை. அவன் இடது தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. முக்காலியில் ஓட்டக்காரர்களுக்காக வைத்திருந்த தண்ணீர்ச் செம்பை ஏன் எடுத்தாளோ, அதைக் கையில் பிடித்துக்கொண்டே ரிப்பனுக்குக் கீழே குனிந்து இறங்கி வந்தாள். ஐந்தடி தள்ளி நின்றாள்.

"பூதலிங்கம்" என்றாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தவனைக் கூப்பிடுகிற அதே தோரணை. "கையை எடு. அவனை விடு."

கை எடுக்கவில்லை.

"அவன் வரல்லன்னு அவன் மேல கோவப்படாதே மக்கா. தந்தியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல, எனக்குத் தெரியும். அண்ணனை நாலு மணிக்கு எழுப்பிவிடும்மான்னு நீ என்கிட்டேல்லா சொல்லிட்டுப் போனே?" அவள் குரல் உடைந்தது. "நான் முழிச்சுத்தான் கெடந்தேன். ரெண்டு டூட்டி பாத்துட்டு வந்து அடிச்சுப் போட்டமாதிரி கெடந்தான் பிள்ளை. இன்னும் கொஞ்சம் தூங்கட்டும்னு விட்டேன். விட்டது நான். அவன் முகத்தைப் பாத்தா எனக்கு அதுதான் ஞாபகம் வரும். அதுனாலத்தான் அவன்கிட்டப் பேசவும் இல்ல. பிடிக்கணும்னா என்னைப் பிடி."

குற்றாலலிங்கத்தின் தோளிலிருந்து கனம் இறங்கிவிட்டது. அந்த நிமிஷமே அம்மாவின் இடது தோள் ஒரு பக்கமாகத் தாழ்ந்தது. மேல்முண்டின் தோள்பக்கம் ஈரமாகி, ஈரம் முழங்கை வரைக்கும் பரவியது. அவள் சிரித்தாள். பதினோரு மாதத்துக்கப்புறம் அந்த முகத்தில் அவன் சிரிப்பைப் பார்த்தான், பார்த்து நடுங்கிப் போனான்.

"குளிருதா மக்கா?" என்று பக்கத்தில் கேட்டுக்கொண்டே அவள் சுவரை நோக்கி நடந்தாள். மெதுவாக, பேசிக்கொண்டு, சந்தைக்குப் போகிறவள் மாதிரி.

அவன் பாய்ந்து அம்மாவின் வலது கையைப் பிடித்தான். அவள் உதறினாள். அறுபது வயதுக் கிழவிக்கு அந்தப் பலம் எங்கிருந்து வந்தது! இரண்டு கையாலும் அவள் இடுப்பைக் கட்டித் தூக்கினான். காலில் அதற்கு மேல் பலம் இருந்ததா என்று கேட்காதீர்கள், இருந்தது. ஒரு கனத்தைத்தான் தூக்கினான், இரண்டு கனம் இருந்தது. அந்த இருபது அடியும் ஏறி, ரிப்பன் நெஞ்சில் அறுந்து விழ, அந்தப் பக்கம் போய் அம்மாவோடு மண்ணில் விழுந்தான். செயலாளர் கடிகாரத்தை அமுக்கினார். நின்றவர்கள் கை தட்டினார்கள். அம்மாவைத் தூக்கிக்கொண்டு முடிக்கிறானே என்று அவர்களுக்குப் பெரிய ஆச்சரியம்.

"முடிச்சாச்சும்மா" என்றான் குற்றாலலிங்கம். "அவன் ஓட்டம் முடிஞ்சாச்சு. நீ வாக்குக் கொடுத்திருக்கே."

அவள் கை செம்பை இன்னும் விடவில்லை. அடியில் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருந்தது. எள் இல்லை, தர்ப்பை இல்லை, மந்திரம் தெரியாது. செம்பை இடது கையில் பிடுங்கிக்கொண்டு, வலது கையைக் குழித்து அதில் ஊற்றி, பெருவிரல் பக்கமாகச் சாய்த்து ஒரு கை மண்ணில் விட்டான்.

"வேண்டாம்ல" என்றாள் அம்மா. "இன்னும் கொஞ்ச நேரம். ஒரு அஞ்சு நிமிஷம்."

இரண்டாவது கை விட்டான். அவள் இவன் மணிக்கட்டைப் பிடித்துக் கடித்தாள். ரத்தம் வந்தது. மற்ற கையால் செம்பையே சாய்த்து, "பூதலிங்கம், போயிட்டு வா மக்கா" என்று மூன்றாவதையும் விட்டுவிட்டான்.

தண்ணீர் மண்ணுக்குள் போகிற சத்தம் கேட்டது. அம்மாவின் தோள் மெல்ல நிமிர்ந்தது. அவள் அந்தத் தோளைத் தடவித் தடவிப் பார்த்தாள். துணி உலர்ந்திருந்தது.

"எடுத்துட்டான்" என்றாள். "லே லிங்கம், கையை எடுத்துட்டாம்ல."

பிறகு வாய்விட்டு அழுதாள். செயலாளர் சர்டிபிகேட்டில் என்ன பேர் எழுத வேண்டும் என்று கேட்க வந்து, அப்படியே திரும்பிப் போனார். குற்றாலலிங்கம் ரத்தம் வடிகிற கையால் அம்மாவின் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டான்.